மைமூன் அக்காவின் மூன்று கேள்விகள்

கண்ணாடியைத் தலைத்துணியின் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, நீட்டிய கைப்பேசியை ஒரு முழத் தூரத்தில் பிடித்தபடி மைமூன் அக்கா கேட்கிறார்: "யாரு சொன்னது? எப்ப சொன்னது? எத வச்சு சொன்னாங்க?"

வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் மூட்டுவலியைப் போக்கும் என்ற செய்தியோடு வந்த அம்மாள், திருட்டு நகையோடு பிடிபட்டவர் மாதிரி விழிக்கிறார். "தெரியலக்கா. குரூப்ல வந்துச்சு."

"குரூப்னா ஒரு ஆளா லா? அதுக்குப் பேரு ஊரு இருக்கா?" அந்த 'லா' மலேசியப் பேச்சின் வால்.

கிள்ளான் நகரில், ஷாஹுல் ஹமீதின் சாப்பாட்டுக் கடை வாசலில் சனிக்கிழமை காலைகளில் இந்த விசாரணை நடக்கும். ஒரு மடக்கு மேசை, மடிக்கணினி, கையடக்க அச்சு இயந்திரம். முன்னால் சாய்த்து வைத்த பலகையில் அந்த மூன்று கேள்விகளும் கொட்டை எழுத்தில். வாரநாள்களில் அக்கா செராஸில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நூலகர். டாக்டர்கள் கேட்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தருவது வேலை. ஆறு வருடங்களுக்கு முன் "நூலகத்தை மக்களிடம் கொண்டு செல்லுங்கள்" என்று மேலிடம் சுற்றறிக்கை விட்டது. கூட வந்தவர்கள் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

எதையும் சாப்பிடு என்றோ சாப்பிடாதே என்றோ சொல்லமாட்டார். "நான் டாக்டர் இல்ல லா. யாரு சொன்னத நம்பலாம்னு தேடிக் குடுக்கிற ஆளு" என்பார். தேடியதை அச்சடித்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதை அடியில் எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பார் என்று அர்த்தமில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் சீரகத் தண்ணீரின் மகிமையை ஆரம்பிக்க, அக்கா பிரியாணிக் கையோடு ஆதாரம் கேட்டார். அடுத்த கல்யாணத்தில் அக்கா இருந்த மேசையில் எல்லோரும் வானிலை பற்றி மட்டும் பேசினார்கள். கணவர் அய்யூப், முடி வளரும் தைலத்தைக் காரில் மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். தைலத்துக்கு ஆதாரம் இல்லை என்பதற்கு அவர் தலையே ஆதாரம். 'சுக்குத் தேநீர் கொழுப்பைக் கரைக்கும்' என்று கடையில் எழுதி ஒட்டியிருந்த ஷாஹுல், அக்காவின் தொல்லை தாங்காமல் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'மைமூன் அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை.' வியாபாரம் குறையவில்லை.

அக்காவும் சறுக்கியதுண்டு. துறைமுகத்தில் லோரி ஓட்டும் நாகையாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று யாரோ அனுப்பியதை நம்பி, மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ இலைச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். இடது காலில் புண். அக்கா பதறிப்போய்த் தேடினார். கிடைத்ததிலேயே சிறந்த கட்டுரையைக் கொடுத்தார்: பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம், நாற்பத்து மூன்று அடிக்குறிப்பு. நாகையா தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"ரொம்ப நல்ல பேப்பர்மா. தடிப்பா இருக்கு" என்றார் அடுத்த வாரம். லோரி இருக்கையின் கிழிசலில் அதை விரித்திருந்தாராம். "கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லவங்கதான், ஆனா டாக்டர் இல்லியே. டாக்டரம்மா யாராச்சும் நம்ம பாஷையில வெளக்கமா சொன்னா கேக்கலாம்."

"என் புத்திய என்ன சொல்றது லா" என்று அக்கா அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். மகள் ரேஷ்மாதான் வழி சொன்னாள்: "பேப்பர் யாரும்மா படிக்கிறா? வாய்ஸ் நோட் அனுப்புங்க." சளி பிடித்து மூக்கடைத்திருந்த ஒரு வாரத்தில், அக்கா இரண்டு நிமிடம் தமிழில் பேசி, தெரிந்த இரண்டு குழுக்களுக்கு அனுப்பினார். பிறகு மறந்தும் போனார்.

போன சனிக்கிழமை நாகையா நொண்டிக்கொண்டு வந்தார். கால் கட்டு நனைந்து, பாதம் வீங்கியிருந்தது. பக்கத்து மேசையில் பசியாறிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இதக் கேளுங்கம்மா. கிள்ளான் பூரா சுத்துது. யாரோ பெரிய டாக்டரம்மா. உண்மைதான்னு நீங்க பாத்துச் சொல்லிட்டா இப்பவே கிளினிக் போயிடுறேன்."

'பிரபல பெண் மருத்துவரின் எச்சரிக்கை' என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள். நேரம் மிச்சம் பிடிக்க நாகையா அதை வேகமாக ஓடவிட்டார். மூக்கடைத்த கீச்சுக்குரல் ஒன்று படபடத்தது: "டாக்டரக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க. கால்ல புண்ணு வந்தா நாளைக்கின்னு தள்ளாதீங்க, அன்னைக்கே போய்க் காட்டுங்க லா." கடைசியில் ஒரு தும்மல்.

தே தாரேக் என்ற நுரைத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த ஷாஹுலின் கை அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக ஊரையே கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தப் பதிவில் பதில் இல்லை. பெயர் இல்லை, தேதி இல்லை, ஆதாரம் இல்லை. வாங்காத டாக்டர் பட்டம் மட்டும் இருந்தது. 'அது என் குரல்தான்' என்று அக்கா சொன்னால் நாகையா லோரிக்குத் திரும்பிவிடுவார். சொல்லாமல் விட்டால், ஊரில் யாரையும் மன்னிக்காத குற்றத்தை அக்காவே செய்தவராவார்.

நாகையா பொறுமையாகப் பலகையைப் பார்த்து, முதல் வரியை எழுத்துக் கூட்டினார். "யா... ரு... சொன்னது. ஆமா, யாரும்மா சொன்னது? ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான். சொன்னது சரிதான்" என்றார் அக்கா. "கிளினிக்க ஒரு மணிக்கு மூடிருவாங்க, அண்ணே. எந்திரிங்க."

தன் குடையை நாகையாவின் கையில் ஊன்றக் கொடுத்தார். பிறகு பலகையை எடுத்து, எழுத்து கீழே போகும்படி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.