இடது கால் கியர்

மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்த அன்று வாசலில் நான் இருந்தேன், அம்மா இருந்தார், வாங்க வந்த பையன் இருந்தான். அப்பா இல்லை. உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் இடது காலால் கியரை மிதித்துப் பார்த்தான். டக்கென்ற அந்த ஒலி அவர் காதில் விழக் கூடாதே என்றிருந்தது எனக்கு.

காப்பாரிலிருந்து கிள்ளான் ரயில் நிலையம் வரை தினமும் அந்த மோட்டார் சைக்கிளில் அப்பாதான் என்னை ஏற்றிச் செல்வார். அங்கிருந்து கோலாலம்பூரில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு ரயில். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை முதலில் படித்தவன் நான். குப்பைமேனி இலைச்சாறு புண்ணை ஆற்றுமா என்று சோதிப்பது என் வேலை. கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் செல்களின் நடுவே ஒரு கீறல் போட்டு, சுத்தமாக வடிகட்டிய சாற்றை விட்டுக் காத்திருப்போம். கீறலின் இரு கரையும் மெல்ல நெருங்கி வரும். அப்படி மூடிய கீறலின் படத்தை ஒருநாள் அப்பாவிடம் காட்டினேன். அதைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி, டீக்கடையில் மேசை மேசையாகக் காட்டினார்.

"குப்பைமேனிக்கு யூனிவர்சிட்டியா? எங்க வீட்டு லோங்காங் ஓரமா எவ்ளோ கெடக்கு, வந்து அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு லா!" என்றார் அவருடைய கூட்டாளி.

"சிரி, சிரி. நாளைக்கு உன் பேரன் இத புஸ்தகத்துல படிப்பான்" என்றார் அப்பா.

"தட்டுலதான்பா போட்டிருக்கோம், மனுசனுக்கு இன்னும் போடல" என்று நான் வீட்டில் சொன்னேன். "அதான் மூடிருச்சே?" என்றார்.

அப்பாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. இடது பாதத்தில் செருப்பு கடித்த புண்ணைப் பற்றி எங்களிடம் மூச்சு விடவில்லை. கூட்டாளி வீட்டு லோங்காங்கில், அந்தச் சாக்கடை ஓரத்தில் கிடந்த இலையையே பறித்து அரைத்துக் கட்டி, மேலே காலுறை மாட்டிக்கொண்டு என்னை ஏற்றிச் சென்றிருக்கிறார். கால் மரத்துப்போய் வலி தெரியாததை, புண் ஆறுகிறது என்று எடுத்துக்கொண்டார். நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலில் என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைக் காட்டினார்.

"என் மவன் டெஸ்ட் பண்ற இலை, டாக்டர்."

காலைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது பேருந்தில் போகிறேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம், யாரோ பாதி திரும்பி, "சாப்பாடு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்கப்போவதுபோல் இருக்கும்.

பையன் கிளம்பியதும் உள்ளே டிவி சத்தம் நின்றது. மோட்டார் சைக்கிளின் ஒலி தேய்ந்து மறைந்தது. பிறகு அப்பாவின் குரல்: "மூணாவது கியர் கொஞ்சம் இழுக்கும். அந்தப் பையன்கிட்ட சொன்னியா?"

சொல்லியிருந்தேன். ஒரு பிடி இலைக்கு நாங்கள் கொடுத்தது, முழங்காலுக்குக் கீழே அவருடைய இடது கால். கூடவே, அவர் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து நான் போன காலைப்பொழுதுகள்.