நான்கு முறையும் இரண்டு

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்ஜிக்கல் வார்டில் பதினெட்டு வருடம் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தேன். 'போலீஸ்கார சிஸ்டர்' என்று எனக்குப் பட்டப்பெயர். என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். மருந்து ஃபிரிட்ஜின் டிகிரியை எழுதிவைத்திருந்தாலும் நான் திறந்து பார்ப்பேன். டிரிப் முடிந்தது என்றால் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பேன். சந்தேகப்படுவதற்குத்தான் பாதிச் சம்பளம் என்பது என் கட்சி. அந்தச் சந்தேகத்தைத் தப்பான ஆள்மேல் திருப்பிய கதை இது. புதிதாக வார்டுக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தங்கமணி என்கிற அம்மா பவானிக்காரர். ஜமக்காளத் தறி போட்டிருக்கும் குடும்பம். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டுப் பையை எடுத்துவிடுவார்கள். எங்கள் சர்ஜன் அப்போது ஒரு புது வழக்கத்தைத் தொடங்கியிருந்தார். தையல் போடுமுன் நான்கு துளையைச் சுற்றியும் புபிவாகேன் என்கிற மரப்பு ஊசியைப் போடுவார். பை இருந்த இடத்திலும் கொஞ்சம் விடுவார். முதல் சில மணி நேரம் வலி நன்றாகக் குறையும். சாயங்காலமே நடக்கலாம், எல்லாம் சரியாக இருந்தால் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். அவருக்கு இதில் ரொம்பப் பெருமை. "நம்ம ஊசி போட்டிருக்கேனுங்க, வலியே தெரியாதுங்க" என்று தங்கமணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டிஸ்சார்ஜ் எழுதியாகிவிட்டது. நான் சார்ட்டை எடுத்தேன். வலி எவ்வளவு என்று நோயாளியைக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் எழுத வேண்டும். நான்கு முறையும் இரண்டு. பக்கத்துக் கட்டத்தில் பல்ஸ் 84, 92, 104, 112 என்று ஏறியிருந்தது. ஊசியின் வேகம் தணிந்திருக்க வேண்டிய நேரம் அது. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எழுதியவர் பிரபு. ஒன்பது வருடமாக என்னோடு இருந்த ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடித்துக் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியை விட்டு எழாமலே ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அந்த ரகம்தான் என்று முடிவுகட்டி, எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"பல்ஸ் மட்டும் பாத்துட்டு, வலியக் கேக்காமலே எழுதிப்போட்டீங்களா பிரபு?"

அவர் முகம் சிறுத்துப்போனது. "நாலு தடவையும் எழுப்பிக் கேட்டேனுங்க சிஸ்டர். ரெண்டுன்னுதான் சொன்னாங்க."

பல்ஸ் ஏறுவதை டியூட்டி டாக்டரிடம் சொன்னதாகவும், வலி இரண்டுதானே, டிரிப் ஓடட்டும் என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். அதையும் நான் நம்பவில்லை. அவரைப் பொய்யர் என்று நிரூபிக்கத்தான் தங்கமணியின் கட்டிலுக்குப் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"ஏனுங்க அம்மணி, வலி பத்துக்கு எத்தனை இருக்குதுங்க?"

"ரெண்டு போட்டுக்குங்க சிஸ்டர்."

பிரபு சொன்னது நிஜம். ஆனால் அந்தப் 'போட்டுக்குங்க' என் காதை உறுத்தியது. இரண்டு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு இலையில் பலகாரம் வைக்கிற மாதிரி எனக்கு ஓர் எண்ணை வைத்தார். பக்கத்தில் இட்லி தொடாமல் கிடந்தது. மூச்சு மேலாகவே போய்வந்துகொண்டிருந்தது.

ஒரு தடவை இருமச் சொன்னேன். வாயைத் திறந்தவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இருமல் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வயிற்றில் கை வைத்தேன். பலகையாக விறைத்திருந்தது, உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

சர்ஜனுக்குப் போன் போட்டேன். இப்போது அவர் என்னைச் சந்தேகப்பட்டார். ஆபரேஷனுக்காக வயிற்றில் நிரப்பிய கேஸ் வலியாக இருக்கும், ஊசிதான் போட்டிருக்கிறதே என்றார்.

"ஊசி வேலை செஞ்சு முடிச்சு வெகுநேரமாச்சுங்க டாக்டர். நீங்க வந்து கை வெச்சுப் பாக்காம நான் அனுப்பமாட்டேனுங்க."

வந்து கை வைத்துப் பார்த்தார், உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் தேங்கியிருந்தது. பித்தநீர்க் கசிவு. அன்றே குழாய் வைத்து வெளியே எடுத்து, கசிவு நிற்க எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். பஸ் ஏற்றி அனுப்பியிருந்தால் பவானியில் யாரிடமும் சொல்லாமல் படுத்திருப்பார்.

உடம்பு தேறிய பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டாக்டரு அத்தன ஆசையாச் சொன்னாருங்க. வலிக்குதுன்னு சொன்னா அவருக்குச் சங்கடமாப் போயிருமேன்னு இருந்துபோட்டேனுங்க."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மரப்பு ஊசி நல்ல மருந்து. அதன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் நம் ஊர் மரியாதையும் வலியை மறைக்கும், அதற்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்குக் கிடையாது. எண்ணைக் கேட்டு எழுதுங்கள். அதோடு இருமச் சொல்லுங்கள், எழுந்து நடக்கச் சொல்லுங்கள், சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். எங்கள் சர்ஜனும் பேச்சை மாற்றிக்கொண்டார். ஊசி தணிந்ததும் கொஞ்சம் வலி வரும், அது கூடிக்கொண்டே போனால் தன்னிடம் சொல்வதுதான் தனக்குச் செய்யும் ஒத்தாசை என்கிறார்.

பிரபுவை எல்லோர் முன்னாலும் குற்றம் சொன்னேன் அல்லவா, மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "பரவாயில்லீங்க சிஸ்டர்" என்று சிரித்தார்.

நான் நம்பவில்லை. அதுவும் ஒரு 'ரெண்டு போட்டுக்குங்க' என்றுதான் பட்டது. மற்றவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.