ஆற்றுப் பனியை உடைத்தவள்

போலாவுக்கு வாய் நீளம். செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னால் அவளே எழுந்து வந்து என்னைத் திட்டுவாள் என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எங்கள் ஊர் ஓல்ஷினாவில் அவளிடம் வசவு வாங்காமல் பனியில் சறுக்கக் கற்றவர்கள் யாரும் இல்லை. தெருச் செருப்போடு யாராவது பனித்தளத்தில் கால் வைத்துவிட்டால் போதும், "உங்க வீட்டுக் கட்டில்லயும் இப்படித்தான் ஏறுவியா?" என்று கூரை அதிரக் கத்துவாள். ஒருமுறை பாதிரியாருக்கும் அது கிடைத்தது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினார்.

முழுப் பெயர் அபோலோனியா. ஊர்ப் பனி அரங்கத்தில் தளம் போடுவது அவள் வேலை. ஆகஸ்ட் கடைசியில் தரைக்கடியில் ஓடும் குழாய்களைக் குளிரவைப்பாள். மேலே தண்ணீரை மெல்லிசாகத் தெளிப்பாள், அது உறைந்ததும் மறுபடி தெளிப்பாள். விரல் கனம் சேரும்வரை மூன்று நான்கு நாள் வீட்டுக்கே போகமாட்டாள். அதற்குப் பிறகு ஏப்ரல் வரைக்கும் ரோல்பாதான் அவளுக்குப் புருஷன், பிள்ளை எல்லாம். கீறல் விழுந்த பனியைச் சுரண்டி, வெந்நீர் விட்டு மழமழவென்று ஆக்குகிற வண்டி அது. ஆட்ட இடைவேளையில் அதை ஓட்டி வரும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு தெரியும். நான் அங்கே டீக்கடை வைத்திருந்தேன். கேட்பவர்களுக்கு ரம் ஊற்றிய டீ, கேட்காதவர்களுக்கு வெறும் டீ, பூண்டு தடவிய பொரித்த ரொட்டி. முப்பது குளிர்காலம் அவளை அந்தக் கடைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அரங்கம் என்றால் ஹாக்கி மட்டும் என்று நினைக்கக் கூடாது. காலையில் பள்ளிப் பிள்ளைகள் பழைய சமையலறை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சறுக்கப் பழகுவார்கள். சாயங்காலம் மரம் அறுக்கும் மில் ஆட்களும் ரயில்வே ஆட்களும் தொப்பை குலுங்க மோதிக்கொள்வார்கள். கோடையில் வெறும் தரையில் கல்யாணம் நடக்கும், தேர்தல் நடக்கும், முயல் புறா கண்காட்சி நடக்கும். வெள்ளம் வந்த வருஷம் கீழ்த்தெருக் குடும்பங்கள் எல்லாம் பார்வையாளர் படிகளில்தான் படுத்திருந்தன. வீடு வாசல் இழந்து வந்தவர்களையும் போலா செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

அந்த அரங்கத்தைக் கட்டவைத்தது எங்கள் ஹ்ரோன் ஆறுதான். முன்பெல்லாம் ஊரே ஆற்றில்தான் சறுக்கும். மரமில்லின் சுடுநீர் வந்து கலக்கிற வளைவில் மேலே பார்த்தால் பனி கெட்டியாகத் தெரியும், அடியில் அரித்துப் போயிருக்கும். ஒரு ஜனவரியில் இரண்டு பிள்ளைகள் அதில் போய்விட்டார்கள். ஒருவன் போலாவின் தம்பி இம்ரோ. ஆறு வயது. பனி இளகிய பிறகு மூன்று ஊர் தள்ளிக் கிடைத்தான். அந்தக் காலத்துச் சறுக்குக் கத்தியைச் செருப்படியில் வைத்துச் சாவி போட்டு முடுக்குவார்கள். துரு பிடித்து, அவள் அப்பா எவ்வளவோ முயன்றும் அது கழலவில்லை. காலில் கத்தியோடுதான் பிள்ளையைப் புதைத்தார்கள்.

அந்த வசந்தத்திலிருந்து ஊர் ஆண்கள் சனிக்கிழமை தோறும் கூலி வாங்காமல் கல் சுமந்தார்கள். ஒரே தள்ளுவண்டிக்கு ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரும் மறுபக்கம் பாதிரியாரும் கை கொடுத்தார்களாம். எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு காட்சியை வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். போலாவின் அப்பா ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. அரங்கம் எழுந்தது. அதன் பிறகு ஆற்றில் ஒரு பிள்ளையும் சாகவில்லை.

மின்சாரக் கட்டணம் தலைக்கு மேல் ஏறிய போன வருஷம், ஆகஸ்ட் நடுவில் ஊர்ச் சபை கூடியது. இந்தக் குளிர்காலத்துக்குத் தளம் போட வேண்டாம் என்றான் மேயர் த்ரஹோமீர். கெட்டவன் இல்லை அவன். எங்கள் கண்முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சறுக்கப் பழகிய பையன்தான்.

"போலா அத்தை, ஒரு வருஷம் பொறுத்துக்கங்க. அரங்கத்துக்குக் கரண்ட் குடுத்தா பள்ளிக்கூடத்துல ஹீட்டர் போட முடியாது. எதை நிறுத்தட்டும், நீங்களே சொல்லுங்க."

"உன் ஆபீஸ் ஹீட்டரை நிறுத்துடா. கோட்டு மாட்டிக்கிட்டு உக்காரு."

சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்க எங்கடா போகும்? ஆத்துக்குத்தான் போகும்."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க போன்ல இருந்து தலையையே தூக்குறதில்ல அத்தை. ஆத்துக்கு எவன் போறான்?"

"உனக்கு நாற்காலியைக் குடுத்துச் சொல்லிக் குடுத்தேன் பாரு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

கை தூக்கச் சொன்னார்கள். அவள் பக்கம் நானும் மரமில் காவலாளியும் மட்டும்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆறு உறைந்தது. பிள்ளைகள் தாமாகப் போகவில்லை. பெற்றவர்களே பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு கூட்டிப் போனார்கள். எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊரிலும் இந்த முட்டாள்தனம் நடந்திருக்காது. அரங்கம் இல்லாத ஊர்களில் ஆற்றுப் பனி என்றால் தாய்மார்கள் பிள்ளையைக் கரையிலேயே பிடித்து வைப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஐம்பது வருஷமாக போலா போட்ட தளத்தில் வளர்ந்தவர்கள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரே கனம், அடியில் சிமெண்ட். பனி என்றால் தரை என்றே பழகிவிட்டார்கள். அடியில் தண்ணீர் ஓடுகிறது என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

எங்கள் தெரு சிதோனியா தன் பையனை வளைவுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டபோது போலா கரையிலிருந்தே கத்தினாள்.

"ஏண்டி, பிள்ளை வேணுமா வேணாமா உனக்கு?"

"அட போங்க அத்தை. ஐஸுன்னா எல்லாம் ஒண்ணுதான். கல்லைத் தூக்கிப் போட்டுப் பாத்தாச்சு, உடையல."

"கல்லு ஒரு தடவை விழும். உன் பையன் ஓயாம குதிப்பான்."

"உங்களுக்கு வேலை போன கடுப்பு. அரங்கத்தைப் பூட்டியாச்சு. ஆத்துக்கும் பூட்டுப் போடப் போறீங்களா?"

"போடத்தான் போறேன்."

மறுநாள் விடியும்போதே போட்டாள். தீயணைப்பு நிலையத்திலிருந்து இரும்புக் கொக்கி வைத்த நீளக் கோலை வாங்கி வந்து, ரப்பர் பூட்ஸ் மாட்டி, கரையோரத் தண்ணீரில் நின்றுகொண்டு வளைவில் பனியை உடைத்தாள். உடைந்த பாளங்கள் மறுபடி உறைந்தால் கோணல்மாணலாக முட்டிக்கொண்டு நிற்கும், அதில் ஒருவரும் சறுக்க முடியாது. உறைய உறைய உடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வரவில்லை. பிள்ளைகள் அவளைப் பனிச் சூனியக்காரி என்று கூப்பிட்டுப் பனியுருண்டை எறிந்தார்கள். பெற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ போலீசுக்குச் சொல்ல, ஒரு போலீஸ்காரர் வந்தார். ஆற்றை உடைக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு நான் கொண்டுபோன டீயில் ஒரு கப் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

நான் தினமும் அவளுக்கு டீ கொண்டு போவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இந்த வயசுல இப்படித் தண்ணிக்குள்ள நின்னா என்ன ஆகும்னு தெரியுமாடி?"

"தெரியும். நனையும்."

"விளையாடாத. ஊருக்கெல்லாம் நீ ஒருத்திதான் காவலா? பெத்தவளுகளுக்கு இல்லாத அக்கறை உனக்கு என்ன?"

அவள் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஹெர்மா, காலம் பூரா ஐஸைக் கெட்டியாக்கினவ நான். இப்ப அதை நானே உடைக்கிறேன். பாருடி, எவ்வளவு அழகா உறைஞ்சிருக்கு. அரங்கத்துல நானே இப்படிப் போட்டதில்ல. எங்க இம்ரோவும் இதைப் பாத்துத்தான் இறங்கியிருப்பான்."

அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, டீயில் ரம் போதவில்லை என்று என்னைத் திட்டினாள்.

பிப்ரவரியில் இருமல் பிடித்தது. இருமிக்கொண்டே போனாள். காய்ச்சலோடும் போனாள். ஒருநாள் கோலை ஊன்றியபடி கரையில் உட்கார்ந்திருந்தவளை நானும் காவலாளியும் தூக்கி மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள். மறுநாள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசியது. பனி முறிந்து ஆற்றோடு போக ஆரம்பித்தது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"ஆறு திறந்துக்கிச்சு போலா. ஐஸெல்லாம் ஓடுது."

"வளைவுலயுமா?"

"வளைவுலதான் மொதல்ல."

"அப்ப சரி" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் திட்டாமல் முடித்த பேச்சு அது ஒன்றுதான். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு மேயர் நன்றாகத்தான் பேசினான். பிள்ளைகள் யாரும் வரவில்லை. குழியில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது சிதோனியா என் பக்கத்தில் வந்து, "பாவம், கடைசி காலத்துல புத்தி பேதலிச்சிருச்சு" என்றாள். சவ அடக்கம் என்பதால் கையை அடக்கிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் அடக்கியிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

ஜூனில் சபை மறுபடி கூடியது. மரச்சாமான் வியாபாரி ஒருவர் அரங்கத்தைச் சரக்கு வைக்கக் கேட்கிறாராம். மேயர் எழுந்து நின்றான்.

"போன குளிர்காலம் ஐஸ் போடல. போடலேன்னா பிள்ளைங்க ஆத்துல போயிடும்னு இங்க சிலர் பயமுறுத்தினாங்க. என்ன ஆச்சு? ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சா? ஒரு கால் சுளுக்கு உண்டா? ஐஸ் இல்லாமலே ஊர் நல்லாத்தான் இருக்கு."

நான் எழுந்து கத்தினேன். "டேய், உடைச்சாளேடா ஒருத்தி, அதனாலதானடா ஒண்ணும் ஆகல! அதுலயே செத்தும் போனாளேடா!"

"அத்தை, அவங்க போனது நிமோனியாவுல. வயசும் ஆச்சு. அதுக்கும் அரங்கத்துக்கும் முடிச்சுப் போடாதீங்க."

நான் என்ன சாட்சி காட்டுவேன்? மூழ்கிய பிள்ளைக்குக் கல்லறை இருக்கும், அதைக் காட்டலாம். மூழ்காத பிள்ளை எது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திச் சொல்லச் சொல்ல முடியுமா? அரங்கத்தைக் கொடுத்துவிட மற்றக் கைகள் எல்லாம் உயர்ந்தன. ஒரு பிள்ளையையும் சாகவிடாததுதான் போலா செய்த தப்பு. இப்போது அரங்கம் நிறைய சோபாவும் அலமாரியும் அடுக்கியிருக்கிறார்கள். செருப்புப் போட்டுக்கொண்டேதான் நடக்கிறார்கள்.

இந்த வருஷம் நவம்பரிலேயே ஆறு உறைந்துவிட்டது. நேற்றுக் காலையில் தீயணைப்பு நிலையத்தில் அந்தக் கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வளைவுக்குப் போனேன். ஓங்கி அடித்தேன். மறுபடி அடித்தேன். கோல் துள்ளி என் தோளில்தான் வலித்தது. காலம் பூரா டீ ஊற்றிய கைக்குப் பனி எங்கே உடையும்? மூச்சு வாங்க நின்றபோது சிதோனியாவின் பையன் புதுச் சறுக்குக் காலணியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹெர்மா அத்தை, நீங்க இவ்வளவு அடிச்சும் உடையலையே. அப்ப நல்லா கெட்டியா இருக்குல்ல?" என்று ஆசையாகக் கேட்டான்.

கோலைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் திமிறத் திமிற, விடாமல் வீடுவரை இழுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த சிதோனியா என் ஈரப் பூட்ஸைப் பார்த்தாள். பையனை உள்ளே இழுத்துக்கொண்டு, நிஜமான இரக்கத்தோடு கேட்டாள்.

"உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சா அத்தை?"