கடைசி பெஞ்சிலிருந்து எழுதியது

பி.எட். படித்த வருஷம் எங்களுக்கு ‘கிரிட்டிசிசம் கிளாஸ்’ என்று ஒன்று இருந்தது. திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் ஒருத்தி எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பாள். மற்றவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறைநிறைகளை எழுத வேண்டும். மணி அடித்ததும் மரத்தடியில் எல்லோர் முன்னாலும் அதை வாசிக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. குறை என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

என் வகுப்பு முடிந்ததும் ஆளாளுக்கு ‘மிக அருமை’ என்று வாசித்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற என் தோழி, என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள், அவள் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். “போர்டைப் பார்த்தே பேசினார். பாடம் மூன்றாவது பெஞ்சோடு நின்றுவிட்டது. கடைசி பெஞ்சுவரை ஒரு தடவை நடந்து வந்திருக்கலாம்.” அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடவே இருந்து குழி பறிக்கிறாள் என்றுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அவள் முறை. ஒளிச்சேர்க்கைப் பாடம். என்ன குறை சொல்லலாம் என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகள் கண் எடுக்காமல் அவளையே பார்க்க, எனக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. “வெயிலு கம்மியாயிட்டா செடி இன்னா பண்ணும், சொல்லுங்க” என்றாள். பாதி வகுப்பு கை தூக்கியது. அப்போதுதான் எழுதினேன்.

மரத்தடியில் நிறுத்தி நிதானமாக வாசித்தேன்: “ஆசிரியை வாயைத் திறந்தால் பாடம் தெரியவில்லை, ஊர்தான் தெரிகிறது.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் என்ன, ‘இன்னா’வும் ‘கம்மி’யும் இல்லாமல் இலக்கணத் தமிழா பேசினோம்? அவளும் கொஞ்சம் சிரித்தாள். அந்தக் காகிதத்தை என்னிடம் வாங்கி, மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வருஷக் கடைசியில் வெளியாட்கள் வந்து மார்க் போடும் செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் பட்டம், வேலை எல்லாம். அவள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பள வேலைக்குப் போனதில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். போர்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கடைசி பெஞ்சுவரை நடந்தேன். தேர்வாளர் தலையாட்டினார். அந்த நடை யார் சொன்னது என்று நடக்கும்போதே உறுத்தியது. அவள் சொன்னதை என்னால் திருத்திக்கொள்ள முடிந்தது. நான் சொன்னதை அவள் எப்படித் திருத்துவாள்?

அடுத்து அவள். வராந்தாவில் பாடப்புத்தக வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் உள்ளே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ‘ஒளியின் அளவு குறையுமாயின்’ என்று ஆரம்பித்தாள். அடுத்த வரி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். யாரோ ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. நிற்க முடியாமல் குழாயடிக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். அவள் தேறியதே பெரிசு என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

வெளியே வந்தவளிடம், “எப்படிடி இருந்துச்சு?” என்றேன். கேட்டிருக்கவே கூடாது. அதுவரை என்னை வாடி போடி என்றே பேசியவள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

“நன்றாகத்தான் இருந்தது. நான் புறப்படுகிறேன்.”