கீழடுக்கு பாட்டிலு

அந்தப் பாட்டில்ல தப்பான எண்ணெய புடிச்சது நான்தாம்பா. தனபாலு இல்ல... நான்!

எழுபத்தொம்பதுல அத்திவரதரு கொளத்துலேர்ந்து வெளிய வந்தாரு பாரு, அந்த வருசம். நாப்பது வருசத்துக்கு ஒரு தபா வர்ற சாமி. சின்ன காஞ்சிபுரத்துல கால் வெக்க எடம் இல்லன்னு சொல்லுவாங்க.

நான் அப்போ ஊர்ல இல்ல. குஜராத் பக்கம், பூமியிலேர்ந்து எண்ணெ எடுக்குற எடத்துல கூலி. எங்கப்பா பட்டுக்கு சாயம் போடுறவரு. எனக்கு அது கை வர்ல, அவரு திட்டாத நாளே இல்ல, அத வுடு... பிள்ளையார்பாளையத்துல எங்க எதுருவூட்டுப் புள்ள தனபாலு அங்க கெமிஸ்ட்டு. அவந்தான் வேல வாங்கிக் குடுத்தான்.

ஒரே கெணறு. அடியில ரெண்டு அடுக்குல எண்ணெ. ஒரே கொழாயில கலந்துக்கினு மேல வரும். எந்த அடுக்கு எவ்ளோ குடுக்குதுன்னு எப்டிடா கண்டுபுடிப்பேன்னு கேட்டேன்.

"அரக்கும் மஞ்சளும் ஒரே அண்டாவுல கலந்துட்டா, எது எவ்ளோன்னு உங்கப்பா பாத்தே சொல்லிடுவாரு. உனக்குத்தான் வராது. அதாண்ணா இது"ன்னு சிரிச்சான்.

ஒவ்வொரு அடுக்கு எண்ணெயும் தனியா மெசின்ல வுட்டா, காயிதத்துல மலை மலையா கோடு வுழும். கலந்த எண்ணெயோட கோட்ட அது ரெண்டோட ஒத்துப் பாத்து, பங்கு சொல்லுவான்.

மேலடுக்கு எண்ணெ புடிச்சாச்சி. கீழடுக்கு எண்ணெ வேணும்னா, மேலடுக்க அடச்சிட்டு ரெண்டு நாளு ஓட வுடணும். கொழாயில நின்ன கலப்பெல்லாம் போன பின்னாடிதான் பாட்டில்ல புடிக்கணும். "அவசரப்படாதண்ணா, புடிச்சி வெச்சிட்டு ஊருக்குப் போ"ன்னு சொல்லிட்டு, அவன் வேற எடத்துக்கு வேலயா போய்ட்டான்.

என் பொண்டாட்டிகிட்டேர்ந்து லட்டர் வந்திச்சி. சாமிய திரும்ப கொளத்துல வெக்கப் போறாங்க, அடுத்த தபா நாம இருப்பமோ இல்லியோன்னு. நாள எண்ணிப் பாத்தா நாலே நாளுதான் இருந்திச்சி. ரயிலே ரெண்டு நாளு... நான் என்னா பண்ணேன் தெரியுமா? அடச்சி ஒரு மணி நேரத்துல பாட்டில ரொப்பி அவன் அலமாரியில வெச்சிட்டு, வண்டி ஏறிட்டேன்!

சாமியப் பாத்தேன். கும்புட்ட கையில எண்ணெ நாத்தம். என்னா வேண்டுனேன்? ஒண்ணும் ஞாபகம் இல்ல...

பாட்டில்ல இருந்தது கலப்பு. அப்போ அதோட கோடும், கெணத்துல கலந்து வர்ற எண்ணெயோட கோடும் ஒண்ணாத்தானே வுழும்! வர்றதெல்லாம் கீழடுக்கு எண்ணெதான், மேலடுக்கு ஒண்ணும் குடுக்கலன்னு தனபாலு எழுதிக் குடுத்தான். அத நம்பி மேலடுக்க சிமெண்ட்டு போட்டு மூடிட்டாங்க. கெணத்துல வர்ற எண்ணெ பாதியா சுருங்கிப்போச்சி.

அத விசாரிக்க பெரிய ஆபீசரு வந்தாரு. நானும் ஊர்லேர்ந்து வேலக்கி திரும்பியிருந்தேன். தனபாலு என்னக் கூப்ட்டான். "ண்ணா, ரெண்டு நாளு ஓட வுட்டுதானே புடிச்சே?"

"ஆமா சார்."

அதுவரிக்கும் நான் அவன சாருன்னு கூப்ட்டதே இல்லபா!

அவன் ஆபீசருகிட்ட இந்தியில என்னமோ சொன்னான். பக்கத்துல நின்னவன் அப்பால எனக்கு சொன்னான்: "அவரு எங்க ஊரு ஆளு, பொய் சொல்ல மாட்டாரு, என் கணக்குதான் தப்பு"ன்னானாம்.

அப்பவாவது ஓடிப்போயி சொன்னனா? கொழாயத் தொடைக்கப் போய்ட்டேன்...

அவன் வேல போச்சி. ராணிப்பேட்டையில ஒரு தோலு கம்பெனியில சேந்தான். ஊருப் பக்கமே வர்ல. அவங்கம்மா சாவுக்கு வந்தப்போ என்னப் பாத்து, "நல்லா இருக்கியாண்ணா?"ன்னான். தெரிஞ்சி கேட்டானா, தெரியாம கேட்டானா? திட்டி இருந்தாலாவது...

என் பொண்டாட்டிகிட்டயே சொல்லல. சாமியே கூப்ட்டனுப்பி தரிசனம் குடுத்தாருன்னு அவ தெரு பூரா சொல்லிக்கினு இருந்தா. எப்டி சொல்லுவேன்? அவளும் போய்ட்டா. ஒரு உலை அரிசி ரெண்டு நாளிக்கி வருது இப்போ.

தனபாலு செத்துட்டான்னு போன மாசந்தான் தெரிஞ்சிது. அவன் பொண்ணு ராணிப்பேட்டையில டீச்சராம். அப்பா கணக்கத் தப்பாப் போட்டு வேலய வுட்டாருன்னுதானே அது நெனச்சிக்கினு இருக்கும்? நீ தெனம் அந்தப் பக்கம் பஸ் ஓட்டுறவன். மன்னிக்க சொல்லிக் கேக்காத, வேணாம். உங்கப்பா போட்ட கணக்கு சரிம்மான்னு சொல்லு. யாரு சொன்னதுன்னு கேட்டா என் பேரச் சொல்லு.

கேக்காட்டியும் சொல்லு.