மழை வேண்டாம், ஆண்டவரே

ஔந்த் பகுதியில் எங்கள் மாடி வீட்டின் ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகளின் பந்து பதினொரு முறை துள்ளியது. பேத்தி ஜெனி பன்னிரண்டு வேத வசனங்களில் நான்கைத்தான் ஒப்பித்திருந்தாள். ஞாயிறு பள்ளிப் போட்டிக்கு மூன்றே நாள். அவள் இரண்டு முறை கொட்டாவி விட்டாள்; நான் ஐந்து முறை.

அப்பாவுக்கு வேலையில் கொடுத்த கட்கி குவார்ட்டர்ஸில் இதே பந்துச் சத்தம் கேட்டபோது எனக்கு ஏழு வயது. ஈரச்சுவர் மணக்கும் அறையில், குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது.

"ஆண்டவரே, நாளைக்கு மேட்ச் இருக்கு. மழை வேண்டாம்."

அக்காமார் இருவரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் உரக்க "ஆமென்" என்றார்.

மறுநாள் மழை கொட்டியது.

"அவர் கேக்கவே இல்லப்பா!" என்று அழுதேன்.

"கேட்டிருப்பார்லே. உனக்கு நனையப் பிடிக்கும்னும் அவருக்குத் தெரியும். போ," என்று அப்பா கதவைத் திறந்துவிட்டார்.

நான் ஜெனியின் முன்னால் விரிந்திருந்த வேதாகமத்தை மூடினேன்.

"தாத்தா, இன்னும் எட்டு பாக்கி!"

"இருக்கட்டும். கீழ போய் விளையாடு."

"மழை வந்தா?"

"நனைஞ்சுக்கோ."