ஆறப் பொறுக்காதவன்

என் மகளுக்கு ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸின் சக்கரத்தைத் திருகிவிட்டவன் நான். மருத்துவர் கேட்டபோது, தொடவில்லை என்று சொன்னவனும் நான்தான்.

இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது சற்று எளிது. நீங்கள் நாளைக்கு என் எதிரில் வந்து நிற்கப்போவதில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை போடுகிறவன் நான். பொம்மைகளை அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்துத் தீ மூட்டுவேன். தீயை நிறுத்திய பிறகுதான் உண்மையான வேலை... சும்மா இருப்பது! வெளிச்சுவர் ஆறியிருக்கும்; உள்ளே நெருப்பு உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டு ஒரு செங்கல்லை உருவினாலும் குளிர்காற்று பாய்ந்து அத்தனையும் விரிசல் விட்டுவிடும். வாசலில் லாரி வந்து நிற்கும், முதலாளி கத்துவார், நான் அசைய மாட்டேன். அப்படிப்பட்டவன்...

செல்போன் எங்கள் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது. மகள் அம்பிகாவுக்குப் பன்னிரண்டு வயது. சின்னப் பிள்ளையிலேயே வந்த சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாள். சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று நாங்களே நிறுத்திவிட்டோம். இரண்டு நாளில் மூச்சு பெரிது பெரிதாக இழுத்தது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. "சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிப்போச்சுங்க. மெதுவாத்தான் எறக்கணும். அவசரப்பட்டா மூள வீங்கிடும். ட்ரிப்ஸ யாரும் தொடாதீங்க," என்றார்.

ஏன் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை ஏறிய நாட்களில் மூளை தன்னைக் காத்துக்கொள்ளத் தனக்குள் எதையெதையோ சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். வெளியே ரத்தம் திடீரென்று நீர்த்துப்போனால் தண்ணீர் உள்ளே பாயுமாம். மண்டையோட்டுக்குள் அது வீங்க இடம் ஏது? ஒரு கைப்பிடி மூளைக்குள் இவ்வளவு பெரிய ஏற்பாடா! படைத்தவனும் ஒரு சூளைக்காரன்தான் என்று தோன்றியது.

புரியவில்லை என்று நான் தப்பிக்க முடியாது. என்னைவிட நன்றாக அது யாருக்குப் புரிந்திருக்கும்?

"தண்ணிப்பா... ஒரு வாய்ப்பா," என்று அவள் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். ட்ரிப்ஸோ சொட்டு... சொட்டு... என்று இறங்கியது. நர்ஸ் வேறு வார்டுக்குப் போயிருந்தாள். வாயில் கொடுக்கத்தானே கூடாது என்று மனம் சொன்னது. கை தானாகப் போய்ச் சக்கரத்தைத் திருகியது. சொட்டு, தாரையாக ஓடியது.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. "இப்ப நல்லா இருக்குதுப்பா," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமை! நர்ஸின் காலடி கேட்டதும் சக்கரத்தைப் பழையபடி வைத்தேன்.

சாயங்காலம், "தல வலிக்குதுப்பா," என்றாள். வாந்தி எடுத்தாள். பிறகு கூப்பிட்டால் குரல் இல்லை. மருத்துவர் இமையை விலக்கி டார்ச் அடித்தார். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது அகலத் திறந்தபடியே நின்றது. அவர் பாட்டிலை நிமிர்ந்து பார்த்தார்.

"யாராவது இதத் தொட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "நான் சரியாத்தான் வெச்சேன் சார்," என்று அந்தப் பெண் அழுதாள். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூளையின் நீரை வடிக்கும் மருந்தை ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மூச்சு மெஷினில் கிடந்தாள். பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. வாயிலிருந்த குழாயை எடுத்த பிறகு, ஒரு காலையில் கண்ணைத் திறந்து, "சூளய பிரிச்சாச்சாப்பா?" என்றாள். வீங்கி, நெரிந்து, சாவின் வாசல் வரை போன மூளை... என் சூளையை மறக்காமல் வைத்திருந்ததே!

அங்கிருந்த மருத்துவரிடம், இது ஏன் வந்தது என்று கேட்டேன். "சொட்டு சரியாப் போனாலும் சில பிள்ளைங்களுக்கு வந்துடுதுங்க," என்றார். அந்தச் சிலரில் என் பிள்ளையும் ஒருத்தியா? அல்லது என் விரல்களா? இன்றுவரை தெரியவில்லை. அந்த நர்ஸை நான் பிறகு தேடிப் போகவும் இல்லை.

அம்பிகாவின் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பட்டறையில் இடது கையால் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். அப்பாதான் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார் என்று எல்லோரிடமும் சொல்கிறாள்.

போன வாரம் சூளை அருகில் வந்து நின்றாள்.

"இன்னுமா பிரிக்கல?"

"ஆறட்டும்மா."

சிரித்தாள். "ஒனக்குத்தான் எவ்ளோ பொறுமப்பா."

நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெளியே ஆறியிருந்தது.